ஐந்து பெண்களுக்கு ஒரே தொண்டை

அறுபத்து நான்காம் பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் பதினெட்டு நிமிடம் பாக்கி என்று திரையின் அடியில் சிவப்புக் கோடு காட்டுகிறது, அது முடிந்தால் அறுபத்தைந்து, அதுதான் கடைசி, அதன் கடைசி நான்கு நிமிடத்தில் நோரா பேசுவாள், நோரா பேசும்போது வரப்போவது கோதையின் குரல் இல்லை. இந்த வீட்டில் அது எனக்கு மட்டும் தெரியும். இருபத்தாறு வருடமாக எனக்கு மட்டும் தெரியும். கோதை சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு மாதுளை உரித்துக்கொண்டிருக்கிறாள், நாளைக்குக் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், கதவோரம் பை தயாராக நிற்கிறது, பைக்குள் ஃபிளாஸ்க், இரண்டு நைட்டி, ஸ்கேன் அட்டை, ஃபைல். மத்தியானம் மணி மூன்றே கால். சாலிகிராமத்தில் இந்த நேரத்துக்கு வாரத்தில் இரண்டு நாளாவது மின்சாரம் போகும். இன்றைக்குப் போகவில்லை. மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒரு சுற்று தளர்ந்த மாதிரி தெரிந்தாலும் மனம் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது, பிறகு அது பழையபடியே சுற்றுகிறது. இந்த வயதில் ஒரு மனிதன் மின்வெட்டுக்காக வேண்டிக்கொள்கிறான். வேண்டிக்கொள்வது என்றுகூடச் சொல்ல முடியாது, யாரிடம் வேண்டுகிறேன் என்று தெரியவில்லை, அலுப்பில் ஏதோ ஒன்று உள்ளே கையேந்தியபடி நிற்கிறது.

“இவளுக்கு மூக்கால பேசியிருக்கேன் பாருங்க,” என்கிறாள் கோதை, திரையைக் காட்டி. “சளி புடிச்ச மாதிரி.” இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்கிறேன். “உங்களுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். ‘விண்கலம் பேராபத்தில் சிக்கியுள்ளது’ன்னு எந்தப் பொண்ணாவது பேசுவாளா ரைட்டரே? வீடு பத்தி எரிஞ்சாக்கூட அப்படிப் பேச மாட்டா.” உதட்டுக்கு எழுதினது, என்கிறேன். “நீங்க உதட்டுக்கு எழுதினீங்க. எனக்கு வாய் வலிச்சுது.” கல்யாணம் ஆகி இருபத்தொன்பது வருடம் ஆகியும் அவளுக்கு நான் ரைட்டர்தான், முதலில் ரைட்டர் சார், கல்யாணத்துக்குப் பிறகு சார் போய்விட்டது, கோபம் வந்தால் மட்டும் திரும்ப வரும். எழுத்தாளன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம், டப்பிங் படங்களுக்கு வசனம் எழுதினவன், வேற்று மொழிக்காரி வாயை மூடும் இடத்தில் தமிழிலும் வாய் மூடுகிற மாதிரி ஒரு சொல்லைத் தேடிப் பொருத்துகிறவன். அந்தத் தொடருக்கு அப்படி அறுபத்தைந்து பகுதி எழுதினேன். ‘விண்வெளி சர்வேயர்’ என்று சேனல்காரர்கள் பெயர் வைத்தார்கள். எழுபதுகளில் வெளிநாட்டில் எடுத்தது, அட்டையில் செய்த கிரகங்கள், ஊதினால் ஆடும் பாறைகள். ஒரு கிழட்டு நில அளவைக்காரன் நட்சத்திரம் நட்சத்திரமாகப் போய் அளந்துகொண்டே இருப்பான், அவனுக்குச் சாவு கிடையாது, ஆனால் தனியாக அளக்கவும் முடியாது, அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அதனால் வருடத்துக்கு ஒருத்தி கூட வருவாள். பள்ளிக்கூட வாத்தியாரம்மா, நர்ஸ், இயந்திரப் பெண், நாடிழந்த இளவரசி, கடைசியாகத் தபால்காரி நோரா. பதின்மூன்று பகுதி கூட இருப்பாள், பதின்மூன்றாவதில் போய்விடுவாள், அவன் அடுத்தவளிடம் சங்கிலியை நீட்டுவான். அந்த ஐந்து பேருக்கும் கோதைதான் பேசினாள். ஐந்து பேருக்கும் ஒரே தொண்டை. தமிழ்நாட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இளவரசியும் இயந்திரப் பெண்ணும் ஒரே காட்சியில் வருகிற பகுதியில் கோதை காலையில் ஒருத்தியாகவும் மத்தியானம் இன்னொருத்தியாகவும் பேசினாள், நடுவில் சாம்பார் சாதம் சாப்பிட்டாள், பேசி முடித்துவிட்டு, ரைட்டரே, எனக்கு நானே பதில் சொல்லிட்டேன், இனிமே நீங்க எதுக்கு என்றாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த டாக்டர் பெண், எங்கள் மகள் யாழினி வயதுதான் இருக்கும், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு கோடு போட்டாள். கோதையின் கழுத்தில் கட்டி நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு நரம்பு. ஒன்று போனால் குரல் கரகரக்கும், இரண்டும் போனால் பேச்சு வெறும் காற்றாகத்தான் வரும், போகும் என்று சொல்லவில்லை, போகலாம் என்று சொல்கிறேன். மேடம் என்ன பண்றாங்க? டப்பிங் என்றேன். அவள் பேனாவை மூடி வைத்தாள். அந்தப் பேனாவை மூடின சத்தம் இன்னும் கேட்கிறது, கிளிக் என்றுகூட இல்லை, அதைவிடச் சின்னது. கோதைதான் பேசினாள், “அப்போ இனிமே என்னை ஊமைப் படத்துக்குத்தான் கூப்பிடுவாங்க டாக்டர்” என்றாள், டாக்டர் சிரிப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். ஆட்டோவில் வரும்போது கோதை வடபழனி சிக்னலில் நின்றபோது சொன்னாள், “என் வேலையை நான் ஒரு நாளும் உக்காந்து கேட்டதில்ல. ஒரு தடவை முழுசா கேட்டுட்டுப் போறேன்.” எதை என்று கேட்டேன், எதை என்று தெரிந்துகொண்டே கேட்டேன். “சர்வேயர்தான். வேற எதுல நான் ஒழுங்காப் பேசியிருக்கேன்?” டப்பிங் பேசுகிறவர்கள் பேசினதைப் பார்ப்பதில்லை, ஒளிபரப்பாகும் நேரத்தில் வேறொரு மைக் முன்னால் நின்றுகொண்டிருப்பார்கள், அது அப்படித்தான். அந்த நம்பிக்கையில்தானே நான் இருபத்தாறு வருடம் ஓட்டினேன். சேனலே இப்போது இல்லை, கிடைக்காது என்று சொன்னேன். அவள் அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டாள். திருநெல்வேலியில் யாரோ ஒருவர் வீடியோ கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்ததை யூடியூபில் ஏற்றியிருக்கிறார், அறுபத்தைந்தும், ஒன்றுவிடாமல். மனிதர்கள் ஏன் இவ்வளவு பொறுப்பாக இருக்கிறார்கள்? ஒரு நாள் அவர் வீட்டில் கல்யாணம், ஒரு நாள் கேசட் தீர்ந்துபோனது, ஒரு நாள் மழை என்று ஒரு பகுதியாவது தவறியிருக்கக் கூடாதா?

அறுபத்து நான்கு முடிகிறது. கிழவன் வரைபடத்தைச் சுருட்டுகிறான். அடுத்தது தானாக ஓடுவதற்கு ஐந்து, நான்கு என்று எண்ணிக்கை வருகிறது. தண்ணி வேணுமா என்று கேட்கிறேன். வேண்டாம். காபி? “இதுக்கு நடுவுலயா? உக்காருங்க.” உட்காருகிறேன். கடைசிப் பகுதியின் பாட்டு தொடங்குகிறது, கேசட் இரைச்சலில் மேலே ஒரு கோடு நெளிகிறது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது. சேனலிலிருந்து ஒருவர் வந்தார், கடைசிக் காட்சியைக் கேட்டார், முகத்தைச் சுளித்தார், மாற்றுங்கள் என்றார், ஆறு மணிக்கு டேப் போக வேண்டும், நான் என்ன செய்ய முடியும். இந்தக் கதையில் அவருக்கு மீசைகூட உண்டு. எத்தனை வருடம் இதைச் சொல்லிக்கொண்டேன் என்று தெரியவில்லை, ஒரு கட்டத்தில் அவர் போட்டிருந்த சட்டைகூட எனக்கு ஞாபகம் வர ஆரம்பித்தது. ஆனால் யாரும் வரவில்லை. சேனலில் யாருக்கு அந்தக் கடைசிக் காட்சி எப்படி இருந்தால் என்ன. நான்தான் கேட்டேன். சவுண்ட் என்ஜினியர் நசீரும் நானும் மட்டும் இருந்தோம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் தனியாக நின்றது. கோதை முந்தின நாள் பேசிவிட்டுப் போயிருந்தாள். அவளுடைய அப்பா இறந்து பதினான்கு நாள்தான் ஆகியிருந்தது. காரியம் முடிந்து விழுப்புரத்திலிருந்து திரும்பின மறுநாளே வேலைக்கு வந்தாள், வராதே என்று நான் சொல்லவில்லை, தேதி நெருக்கியது. நோரா அந்தக் காட்சியில் சங்கிலியின் முனையைத் தரையில் வைத்துவிட்டு, நான் இந்தக் கிரகத்திலேயே இருக்கிறேன், நீங்கள் போங்கள் என்பாள். சிரித்துக்கொண்டு சொல்வாள், அந்த நடிகை சிரித்துக்கொண்டுதான் நடித்திருந்தாள். கோதை அழுதுவிட்டாள். நடிப்பாக அழுதிருந்தால் நிறுத்தியிருப்பாள், இது தொண்டைக்கு அடியிலிருந்து வந்த அழுகை, மூன்று வாக்கியம் உடைந்து, ஒரு வாக்கியம் பாதியில் நின்று, மூச்சு இழுத்து, பிறகு வந்தது. அங்கே உதடு சிரிக்கிறது, இங்கே குரல் அழுகிறது. உதடு மூடின பிறகும் குரல் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் வேலையில் அது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. நசீர் என்னைப் பார்த்தார், “என்ன சார் பண்றது” என்றார். விடு, இருக்கட்டும் என்று நான் சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பார். நான் உதட்டைப் பார்த்தேன், குரலைக் கேட்டேன், பொருந்தவில்லை என்று முடிவு செய்தேன், ஜெசிந்தாவைக் கூப்பிடு என்றேன். ஜெசிந்தா அப்போது புதுப் பெண், யார் குரலைக் கேட்டாலும் அரை மணியில் பிடித்துவிடுவாள், கூட்டக் காட்சிகளில் சேர்ந்து குரல் கொடுக்க வருவாள். நாற்பது நிமிடத்தில் பேசிவிட்டாள். கச்சிதமாக இருந்தது. சிரிக்கிற உதட்டுக்குச் சிரிக்கிற குரல், ஒரு இம்மி பிசகவில்லை. கோதை பேசின அதே டிராக்கின் மேலேயே பதிவு செய்தோம், வேறு டிராக் காலியாக இல்லை. ஆகவே கோதை பேசினது போய்விட்டது. எங்கேயும் இல்லை. அதை இந்த உலகத்தில் கேட்டவர்கள் நானும் நசீரும்தான், நசீர் இரண்டு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்றைக்கு ராத்திரியே சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். சாதாரண விஷயம், கரெக்ஷன் என்று பெயர், தினமும் நடக்கிறது. அவள் முந்திக்கொண்டாள். “கடைசி சீன்ல அப்பா வந்துட்டாருங்க. கேட்டீங்களா? நான் பேசல, எனக்குள்ள யாரோ பேசினாங்க.” கேட்டேன் என்றேன். “நல்லா இருந்துதா?” நல்லா இருந்தது என்றேன். “அப்படியே வச்சிருக்கீங்களா?” அப்படியே வச்சிருக்கேன் என்றேன். இந்த மூன்றாவதை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. முதல் இரண்டும் உண்மை, கேட்டதும் உண்மை, நன்றாக இருந்ததும் உண்மை, உதட்டுக்குப் பொருந்தவில்லையே தவிர நன்றாக இருந்தது, நன்றாக என்ற சொல்லே போதாது, அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சில்லிட்டது, அதனால்தான் பயந்தேனோ? என் மனைவி அப்படி அழுது நான் கேட்டதில்லை, அவளுடைய அப்பாவின் சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை, ஊரெல்லாம் கேட்கும்படி அதை அனுப்ப வேண்டாம் என்று நினைத்தேனோ? இதுவும் நான் பிற்பாடு செய்துகொண்டதாக இருக்கலாம், மீசைக்காரரைப் போல. எது முதலில் இருந்தது, எது நான் ஒட்டினது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அவள் அதை எல்லாரிடமும் சொன்னாள். ஒரு வாரப் பத்திரிகைப் பேட்டியில் சொன்னாள். புதிதாக வருகிற பெண்களிடம் சொல்வாள், மைக் முன்னால் உண்மையா இரு, என் அப்பா செத்த பதினாலாம் நாள் நான் ஒரு சீன் பேசினேன். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். ஒவ்வொரு தலையாட்டலிலும் சொல்வது இன்னும் கொஞ்சம் கடினமாயிற்று, கடைசியில் முடியாததாயிற்று.

“வருது,” என்கிறாள் கோதை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். கையைத் துடைத்துக்கொள்ளவில்லை, விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கிறது. திரையில் மணல், அட்டை மலை, இரண்டு நிலவு. நோரா குனிந்து சங்கிலியின் முனையைத் தரையில் வைக்கிறாள். நிமிர்கிறாள். இப்போது சொல்லிவிடலாம், கோதை, ஒரு நிமிடம், நிறுத்து, அது நீ இல்லை. எட்டு சொல்கூட வராது. நாளைக்குக் கழுத்தைத் திறக்கப் போகிறவளிடம் சொல்கிற விஷயமா இது? நாளைக்குக் கழுத்தைத் திறக்கப் போகிறவளிடம் சொல்லாமல் வேறு எப்போது சொல்வது? இரண்டும் ஒரே வேகத்தில் வருகின்றன, வாசலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்து மாட்டிக்கொண்ட மாதிரி நிற்கின்றன. நோரா வாயைத் திறக்கிறாள். “நீங்க போங்க. நான் இங்கேயே நிக்கிறேன். ஒருத்தர் நின்னாத்தானே இன்னொருத்தர் எவ்வளவு தூரம் போனார்னு தெரியும்?” நான் எழுதின வரிதான். ஜெசிந்தாவின் குரல், இருபது வயதுக் குரல், தெளிவாக, நாணயத்தைச் சுண்டினது போல, ஒரு இடறல் இல்லாமல். நான் திரையைப் பார்க்கவில்லை. கோதையின் முகத்தைப் பார்க்கிறேன். எந்த இடத்தில் புருவம் சுருங்கும், எந்த இடத்தில் என் பக்கம் திரும்புவாள். அவள் திரும்பவில்லை. உதடு மட்டும் லேசாக அசைகிறது, கூடவே பேசுகிறாள், சத்தமில்லாமல், ஒவ்வொரு சொல்லுக்கும். நான்கு நிமிடம். கிழவன் தனியாகச் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடக்கிறான், அவன் உருவம் சின்னதாகிறது, இசை.

“நான் அழுதேன்னு நெனச்சேன்,” என்கிறாள். “அழவேயில்ல பாருங்க. அழுத மாதிரி ஞாபகம். உள்ளதான் அழுதிருக்கேன் போல. வெளிய எவ்வளவு சுத்தமா வந்திருக்கு.” கண் நிறைந்திருக்கிறது அவளுக்கு. “இத்தனை வருஷமா நான் பீத்திக்கிட்டது பொய் இல்ல ரைட்டரே. நல்லாத்தான் பேசியிருக்கேன்.” ஆமாம் என்கிறேன். அவளுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துகொண்டு என்னை விடுகிறாளா? முப்பது வருடம் குரலையே தொழிலாக வைத்திருந்தவளுக்குத் தன் குரல் தெரியாதா? அல்லது யாருக்குமே தன் குரல் தெரியாதா, மண்டைக்குள் கேட்பது வேறு, வெளியே கேட்பது வேறு, அதிலும் இருபத்தாறு வருடம், அதிலும் கேசட் இரைச்சல். அவள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. அது சந்தோஷமாக இருக்கிறது, அவ்வளவுதான். இது நான் எதிர்பார்த்த எதிலும் சேரவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன், பேசாமல் எழுந்து உள்ளே போவாள் என்று நினைத்தேன், அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது, மூன்று வாரமாகத் தயார் செய்தது.

“பின்னாடி தள்ளுங்க,” என்கிறாள். “அதை மட்டும் உங்க போன்ல புடிங்க.” எதுக்கு என்கிறேன். “யாழினி தினம் கேக்கறா, அம்மா எதாவது பேசி அனுப்பும்மான்னு. போன் முன்னாடி உக்காந்து என்னத்தப் பேசறது? எழவு வீட்டுல பேசற மாதிரி இருக்கு. நான் பேச மாட்டேன். இதை அனுப்பிடலாம். இதுதான் நான். இதைவிட நல்லா நான் எங்கயும் பேசினதில்ல.” கோதை, என்கிறேன். “என்ன?” அவள் என்னைப் பார்க்கிறாள், முகம் திறந்து கிடக்கிறது. கேசட் இரைச்சல் ரொம்ப இருக்கு என்கிறேன். “இருந்தா இருக்கட்டும். அவளுக்குத் தெரியாதா அம்மா குரல்?” யாழினிக்கு இருபத்தைந்து வயது, புனேயில் வேலை, அவளுக்கு இந்தத் தொடரே தெரியாது. நாளை மறுநாளோ அடுத்த வாரமோ பத்து வருடம் கழித்தோ அவள் போனைக் காதில் வைத்து இதைக் கேட்பாள், இதுதான் அம்மா என்று நினைப்பாள், அங்கே ஜெசிந்தா பேசுவாள், கோயம்புத்தூரில் எங்கோ புருஷன் பிள்ளைகளோடு இருக்கும் ஜெசிந்தா. ஒரு முறை அழித்தேன். இப்போது அந்த இடத்தில் வேறொருத்தியை நிரந்தரமாக உட்கார வைக்கப் போகிறேன்.

போனை எடுத்துக்கொண்டு டி.வி. பக்கத்தில் முட்டி போட்டு உட்காருகிறேன். முட்டி வலிக்கிறது. பின்னால் தள்ளுகிறேன், மணல், இரண்டு நிலவு. சிவப்பு வட்டத்தை அமுக்குகிறேன், போனில் எண்கள் ஓடத் தொடங்குகின்றன, ஒன்று, இரண்டு, மூன்று. நீங்க போங்க என்கிறாள் ஜெசிந்தா. நான் இங்கேயே. வாயைத் திறந்தது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது, “அந்த மலைக்குப் பின்னாடி ஒரு ஆள் கை தெரியுது பாரேன்” என்கிறேன்.

“ஷ்.”

“லைட் புடிக்கிறவன் போல.”

“சும்மா இருங்களேன். ரெக்கார்டு ஆகுது.”

“இல்ல, அன்னிக்கு நீ என்ன புடவை கட்டியிருந்த? பச்சையா?”

“என்னங்க ஆச்சு உங்களுக்கு? புடவையாம். பேசாம புடிங்க.” நான் போனை மெல்லத் திருப்புகிறேன், டி.வி.யிலிருந்து சோபாவின் பக்கம், அவளுக்குத் தெரியாதபடி மார்போடு அணைத்த மாதிரி. பச்சைதான், ஓரத்துல மஞ்சள், எங்க அக்கா குடுத்தது என்கிறேன். “உங்க அக்கா எனக்குப் பச்சையா குடுத்தா? அரக்கு. அதுவும் அவளுக்குப் புடிக்காதது. முப்பது வருஷம் மைக் முன்னாடி இருமினவனையெல்லாம் வெளிய அனுப்பின மனுஷன், ஒரு நாலு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல. போச்சு, சீனே போச்சு. எல்லாத்துலயும் உங்களுக்கு ஒரு விளையாட்டு. நாளைக்கு ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் தொணதொணக்கப் போறீங்க, அந்தப் பொண்ணு ஊசிய போட்டு உங்களைத்தான் படுக்க வைக்கப் போறா.” சொல்லிக்கொண்டே சிரித்துவிடுகிறாள், சிரிப்பு இருமலில் முடிகிறது, நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாள், பிறகு, “சார்,” என்கிறாள், “அழிச்சிட்டு மறுபடி எடுங்க சார். ஆரம்பத்துல இருந்து.”

எண்கள் இரண்டு நிமிடம் பதினொன்றில் இருக்கின்றன. நிறுத்துகிறேன். சேமிக்கவா என்று கேட்கிறது, சேமிக்கிறேன்.

“அழிச்சாச்சா?”

“அழிச்சிட்டேன்,” என்கிறேன்.